வெளியேறியவர்களுக்குக் கதவு, உள்ளிருப்பவர்களுக்குத் தேர்வா?

காமன்வெல்த் நாடுகளின் அரசுத் தலைவர்களுக்கும் பிரதமர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே,

வணக்கம். 2024 அக்டோபரில் சமோவாவின் ஏப்பியா நகரில் கூடிப் பேசிக் கலைந்தீர்கள். அடுத்து ஆன்டிகுவா பார்புடாவில் கூடவிருக்கிறீர்கள். பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் பேரரசின் கீழ் இருந்த 56 நாடுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆங்கிலம் என்ற ஒரே மொழியில் பேசிக்கொள்வது சாதாரணக் காரியம் அல்ல. ஐக்கிய நாடுகள் சபைக்கு ஆறு மொழிகள் வேண்டியிருக்கின்றன. நாமெல்லாம் ஒரு குடும்பம், நமக்கென்று ஒரு பொது மொழி இருக்கிறது என்று உங்களில் பலர் மேடைதோறும் சொல்லி வருகிறீர்கள். அந்தப் பேச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன். மொழி பொதுவானது என்றால், அது தனக்குத் தெரியும் என்று உங்கள் குடிமக்கள் ஏன் பணம் கட்டி நிரூபித்துக்கொண்டே இருக்கிறார்கள்?

இது விசா அலுவலகத்துச் சில்லறைப் புகார் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் அமைப்பு எப்படிப் பிறந்தது என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் இதன் விபரீதம் புரியும்.

1949 ஏப்ரல் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 18ஆம் தேதி, ஈஸ்டர் திங்களன்று, அயர்லாந்து குடியரசாகிக் காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது. அன்றைய விதி அப்படி. கனடா, ஆஸ்திரேலியா போலப் பேரரசுக்குள் தன்னாட்சி பெற்றிருந்த டொமினியன்கள் எல்லாம் பிரிட்டனுக்குச் சமமானவை என்று 1926இல் பால்ஃபர் அறிக்கை சொன்னது. 1931இல் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. ஆனால் அந்தச் சமத்துவத்துக்குள் ஒரு முடிச்சு இருந்தது. எல்லோரும் ஒரே மகுடத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டும். அரசரை ஏற்காதவருக்கு உள்ளே இடமில்லை. 1948 ஜனவரியில் விடுதலை பெற்ற பர்மா குடியரசாகவே பிறந்தது. அதனால் உள்ளே வரவே இல்லை. அயர்லாந்து உள்ளே இருந்து வெளியே போயிற்று.

அதே மாதக் கடைசியில் லண்டனில் எட்டு நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். பிரிட்டனின் அட்லி, இந்தியாவின் நேரு, பாகிஸ்தானின் லியாகத் அலி கான், இலங்கையின் டி.எஸ்.சேனநாயக்க, தென்னாப்பிரிக்காவின் மலான், ஆஸ்திரேலியாவின் சிஃப்லி, நியூசிலாந்தின் ஃப்ரேசர், கனடா சார்பில் லெஸ்டர் பியர்சன். எதிரே இருந்த சிக்கல் எளிமையாகச் சொல்லக்கூடியதுதான். இந்தியா குடியரசாகப் போகிறது. ஆனாலும் உறுப்பினராக இருக்க விரும்புகிறது. பழைய விதிப்படி இரண்டும் சேர்ந்து நடக்காது. சட்ட வல்லுநர்கள் ஆளுக்கொரு சூத்திரத்தோடு வந்திருந்திருப்பார்கள். கடைசியில் அவர்கள் வெளியிட்ட பிரகடனம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். சுதந்திர நாடுகள் தாமாகவே விரும்பிச் சேர்ந்திருப்பதன் அடையாளம் அரசர். அந்த வகையில் அவர் காமன்வெல்த்தின் தலைவர். அவ்வளவுதான். இந்தியாவின் அரசுத் தலைவராக அவர் இருக்க மாட்டார். இந்தியர்கள் அவருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டியதில்லை. தலைவர் என்ற பட்டத்துக்கு அரசியலமைப்பு அதிகாரம் எதுவும் கிடையாது. பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த 'பிரிட்டிஷ்' என்ற அடைமொழியும் கழன்றுகொண்டது.

அந்த ஒரு பக்கத்தின் பலன் உங்கள் வரிசையைப் பார்த்தாலே தெரியும். இன்று 56 உறுப்பு நாடுகளில் 36 குடியரசுகள். பிரிட்டன் உட்பட 15 நாடுகளுக்கு மட்டுமே சார்லஸ் அரசர். மலேசியா, புரூணை, லெசோத்தோ, எஸ்வாத்தினி, டோங்கா ஆகிய ஐந்துக்குச் சொந்த மன்னர்கள் உண்டு. 2021 நவம்பர் 30 அன்று பார்படாஸ் குடியரசானபோது யாரும் அதை வெளியே போகச் சொல்லவில்லை. அது பற்றி ஒரு விவாதம்கூட எழவில்லை. 1949இல் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்த கேள்வி, இன்று கேள்வியே இல்லை. ஆட்சி போன பிறகும் உறவு மிஞ்சுவதற்கு உலகம் கண்டுபிடித்த வழிகளில் இது உருப்படியான ஒன்று என்பதை நான் மறுக்கவில்லை. 1958 செப்டம்பரில், பிரெஞ்சுக் கூட்டமைப்பில் தொடர்வதா என்ற வாக்கெடுப்பில் 'வேண்டாம்' என்று சொன்ன ஆப்பிரிக்கக் காலனி கினிக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். நிர்வாகிகளும் வல்லுநர்களும் கோப்புகளோடும் கருவிகளோடும் ஊர் திரும்பிவிட்டார்கள். கினியின் தலைவர் செக்கு தூரே ஒரு வெற்று நிர்வாகத்தின் மேல் குடியரசைக் கட்ட வேண்டியிருந்தது. அந்த அளவுகோலில் லண்டன் பிரகடனம் பெருந்தன்மையானது.

ஆனால் அயர்லாந்துக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தீர்களா? இரத்தம் சிந்திப் போராடி, மகுடத்தை உதறி, அமைப்பை விட்டே வெளியேறிய நாடு அது. அதே 1949இல் பிரிட்டன் ஒரு சட்டம் இயற்றியது. அயர்லாந்து நம் அரசரின் ஆளுகைக்குள் இல்லை. ஆனாலும் அது அந்நிய நாடும் அல்ல என்றது அந்தச் சட்டம். அயர்லாந்துக் குடிமக்கள் இன்றுவரை விசா இல்லாமல் பிரிட்டனுக்குப் போகலாம், குடியேறலாம், வேலை பார்க்கலாம், நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் விலகிய கூத்தில்கூட அந்த ஏற்பாட்டின் மேல் யாரும் கை வைக்கவில்லை. 2019 மே மாதத்தில் இரு அரசுகளும் ஒப்பந்தம் எழுதி அதை உறுதிப்படுத்திக்கொண்டன.

சரி, உள்ளேயே இருந்தவர்களின் கதை?

தொடக்கத்தில் அவர்களுக்கும் கதவு திறந்துதான் இருந்தது. 1948ஆம் ஆண்டு பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டப்படி காமன்வெல்த் குடிமகன் எவரும் பிரிட்டனுக்கு வந்து வாழலாம். அந்த ஜூன் மாதம் எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் கரீபியத் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. போரில் உருக்குலைந்த நாட்டுக்கு ஆள் தேவைப்பட்டது. பஸ் ஓட்டவும், மருத்துவமனை நடத்தவும், ஆலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள். 1962இல் முதல் பூட்டு விழுந்தது. அந்தக் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் எழுத்தில் அயர்லாந்துக்காரர்களுக்கும் பொருந்தும். ஆனால் நடைமுறையில் அவர்களைத் தொடவில்லை. யாரைத் தொட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1968இல் இரண்டாவது பூட்டு. கென்யாவிலிருந்து கிளம்பிய ஆசிய வம்சாவளியினர் கையில் இருந்தது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டேதான். ஆனாலும் அவர்களை நிறுத்துவதற்கு மூன்றே நாளில் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருந்தால் வரலாம் என்பது ஏற்பாடு. தோலின் நிறத்தைச் சட்டத்தில் எழுதாமலேயே எழுதும் வித்தை அது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் மிச்சமிருந்ததையும் மூடியது.

ஆக, குடும்பத்தை விட்டுப் போனவருக்குத் திண்ணையும் அறையும் அப்படியே இருக்கின்றன. கூடவே இருந்தவர் வாசலில் வரிசையில் நிற்கிறார். இந்த முரண்பாட்டை உங்கள் கூட்டறிக்கை எதிலும் நான் படித்ததில்லை.

2018 ஏப்ரல் உங்களுக்கு மறந்திருக்காது. லண்டனில் நீங்கள் மாநாடு கூடிய அதே வாரத்தில்தான் விண்ட்ரஷ் விவகாரம் முழுதாக வெடித்தது. 1973க்கு முன் குழந்தைகளாகச் சட்டப்படி வந்து, படித்து, வேலை பார்த்து, வரி கட்டி முதுமை எய்தியவர்களிடம், நீ வந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். வேலை போயிற்று, சிகிச்சை மறுக்கப்பட்டது, சிலர் அடைத்து வைக்கப்பட்டார்கள், சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். ஆதாரமாக இருந்திருக்கக்கூடிய வருகைச் சீட்டுகளை உள்துறை அமைச்சகமே 2010இல் அழித்திருந்தது. கரீபிய நாடுகளின் ஹைகமிஷனர்கள் கேட்ட சந்திப்புக்கு முதலில் பிரதமர் அலுவலகம் நேரம் ஒதுக்கவில்லை. பத்திரிகைகள் கொதித்த பிறகே தெரசா மே அவர்களைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். அந்த வாரக் கடைசியில் நீங்கள் எடுத்த முடிவு என்ன? அடுத்த காமன்வெல்த் தலைவராக இளவரசர் சார்லஸ் வருவார் என்பது. அடையாளத்துக்கு வாரிசு தேடும் வேலை முடிந்தது. ஆட்களைப் பற்றிய வேலை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

இனி மொழிக்கு வருகிறேன்.

பிரிட்டனில் வேலைக்கோ குடியேறவோ விண்ணப்பிப்பவர் ஆங்கிலம் தெரியும் என்று காட்ட வேண்டும். சில நாட்டவருக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு உண்டு. அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, மால்டா, பெலீஸ், கயானா, ஜமைக்கா, பார்படாஸ், டிரினிடாட், செயின்ட் லூசியா, டொமினிக்கா, இன்னும் சில கரீபிய நாடுகள். கூடவே அமெரிக்கா! பேரரசோடு போர் தொடுத்துப் பிரிந்து போய், உங்கள் அமைப்பில் ஒருநாளும் உறுப்பினராக இல்லாத அமெரிக்கா அந்தப் பட்டியலில் இருக்கிறது. நைஜீரியா இல்லை. கானா இல்லை. ஜாம்பியா, கென்யா, தென்னாப்பிரிக்கா, இந்தியா, இலங்கை, மலேசியா எதுவும் இல்லை. சிங்கப்பூர் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 48.3 விழுக்காடு, பள்ளிக்கூடம் முழுவதும் ஆங்கில வழி. ஆனாலும் இல்லை.

பெரும்பான்மையோருக்கு ஆங்கிலம் முதல்மொழியா என்பதே அளவுகோல் என்று பதில் வரும். அப்படியானால் ஜமைக்காவில் வீடுகளில் பேசுவது எது? ஜமைக்கா கிரியோல் என்ற கலப்பு மொழி. செயின்ட் லூசியாவிலும் டொமினிக்காவிலும் பிரெஞ்சு வேர் கொண்ட கிரியோல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்கள் பட்டியலில் இருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இருக்கட்டும், இருக்க வேண்டும். அவர்களுக்குக் காட்டும் நம்பிக்கை மற்றவர்களுக்கு ஏன் இல்லை என்பதே கேள்வி.

மொரீஷியஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1992இல் குடியரசான நாடு. அதன் நாடாளுமன்றத்தின் அலுவல் மொழி ஆங்கிலம். உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். அங்கிருந்து இறுதி மேல்முறையீடு எங்கே போகிறது தெரியுமா? இன்றும் லண்டனுக்கு, பிரிவி கவுன்சிலின் நீதிக் குழுவுக்கு. அதாவது மொரீஷியஸ் நீதிபதி ஆங்கிலத்தில் எழுதிய தீர்ப்பை லண்டன் நீதிபதிகள் படித்து, சரியா தவறா என்று சொல்வார்கள். அந்த ஆங்கிலத்தில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதே நீதிமன்றத்தில் வாதாடிய இளம் வழக்கறிஞர் லண்டனில் வேலைக்கு விண்ணப்பித்தால், அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்பதற்குச் சான்று தேவை.

சான்று என்றால் என்னவென்று உங்களில் பலருக்கு நேரில் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தேர்வு மையத்தில் பாஸ்போர்ட்டைச் சரிபார்த்துப் படம் பிடித்துக்கொள்வார்கள். ஐஇஎல்டிஎஸ் (IELTS) போன்ற தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம். நடுவில் ஒரு அட்டையைக் கொடுத்து, அதில் உள்ள தலைப்பில் யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம் தருவார்கள். முதல் வகுப்பிலிருந்து மருத்துவப் பட்டம் வரை ஆங்கிலத்தில் படித்து, பத்தாண்டுகளாக நோயாளிகளின் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதிய ஒருவர், தனக்குப் பிடித்த பயணம் பற்றியோ மறக்க முடியாத ஆசிரியர் பற்றியோ கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேச வேண்டும். கிடைக்கும் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு காலாவதி. எழுபது வயதுப் பேராசிரியரின் ஆங்கிலமும் காய்ச்சல் மாத்திரை போலக் கெடுதேதி போட்டு வருகிறது.

ஆங்கில வழியில் பட்டம் பெற்றிருந்தால் தேர்வு வேண்டாமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பட்டம் ஆங்கில வழியில் படித்ததே என்று பிரிட்டனில் உள்ள ஒரு நிறுவனத்திடம் கட்டணம் செலுத்திச் சான்று வாங்க வேண்டும். பல்கலைக்கழகம் கொடுத்த கடிதம் மட்டும் போதாது. அந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர்களே அவர்களாக இருந்தாலும் போதாது.

பிரிட்டனை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. ஆஸ்திரேலியாவின் தொழில்திறன் விசாக்களுக்குப் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து, அயர்லாந்து ஆகிய ஐந்து நாட்டுப் பாஸ்போர்ட்டுகளுக்கு விலக்கு. ஐந்தில் இரண்டு காமன்வெல்த்தில் இல்லாதவை. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்றத் திட்டத்தில் விலக்கே கிடையாது. லண்டனில் பிறந்தவரும் தேர்வு எழுத வேண்டும். அதில் ஒரு நேர்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லோரையும் ஒரே மாதிரி நம்பாதிருப்பது, சிலரை மட்டும் நம்பாதிருப்பதைவிட மேல்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிரிட்டனில் விசாவில் தங்கியிருக்கும் காமன்வெல்த் குடிமகன் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். பேரரசுக் காலத்திலிருந்து மிஞ்சிய உரிமை இது, நல்ல உரிமை. அமெரிக்கருக்கு அது கிடையாது. ஆகவே அமெரிக்கர் தேர்வு எழுதாமல் உள்ளே வரலாம், வாக்களிக்க முடியாது. நைஜீரியர் தேர்வு எழுதியோ சான்று வாங்கியோதான் வர முடியும், ஆனால் யார் ஆள வேண்டும் என்று தீர்மானிக்கலாம்.

உங்கள் சொந்த விதிப்புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள். 2007இல் கம்பாலாவில் கூடியபோது புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பதற்கான நிபந்தனைகளை வகுத்தீர்கள். அவற்றில் ஒன்று, உறுப்பு நாடுகளுக்கிடையிலான தொடர்பு மொழியாக ஆங்கிலத்தை ஏற்க வேண்டும் என்பது. அதன்படி 2009இல் ருவாண்டா வந்தது. 2022இல் காபோனும் டோகோவும் வந்தன. பெல்ஜியமும் பிரான்சும் ஆண்ட நாடுகள் அவை. பிரெஞ்சு உலகத்திலிருந்து உங்கள் மேசையைத் தேடி வந்தார்கள். வாசலில் அவர்களுடைய அதிபர்களை நிறுத்தி அட்டையைக் கொடுத்து இரண்டு நிமிடம் பேசச் சொன்னீர்களா? ஒரு நாட்டின் வாய்மொழியை நம்புகிறீர்கள். அந்த நாட்டு ஆசிரியையை மட்டும் நம்ப மறுக்கிறீர்கள்.

இந்த மொழி யாருடையது என்பதையும் பேசாமல் விட முடியாது. 1835இல் மெக்காலே எழுதிய குறிப்பில் ஒளிவுமறைவு இல்லை. ஆளுபவருக்கும் கோடிக்கணக்கான மக்களுக்கும் இடையே நின்று பேச ஒரு வகுப்பு வேண்டும் என்றுதான் அவர் கேட்டார். அந்த வகுப்பு உருவாயிற்று. விடுதலைக்குப் பிறகு நாற்காலியிலும் அதுவே உட்கார்ந்தது. தேயிலைத் தோட்டத்திலும் கரும்புக் காட்டிலும் முதுகொடிந்தவர்களுக்கு அந்த மொழி போய்ச் சேரவில்லை. பொது மொழி என்று நீங்கள் சொல்லும்போது, உங்கள் நாட்டு மக்களில் எத்தனை பேருக்கு அது பொது என்று ஒரு நிமிடமாவது எண்ணிப் பாருங்கள்.

நாம் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டது லண்டன் மேல் உள்ள பாசத்தால் அல்ல. வீட்டுக்குள் இருந்த தகராறுகளால். இந்திய அரசியலமைப்பு ஆங்கிலத்துக்குப் பதினைந்து ஆண்டு தவணைதான் கொடுத்தது. 1965 ஜனவரி 26 அன்று தவணை முடிந்தபோது தமிழ்நாடு பற்றி எரிந்தது. 1967இல் சட்டத்தைத் திருத்தி ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. 1956இல் இலங்கை ஆங்கிலத்தின் இடத்தில் சிங்களத்தை மட்டும் உட்கார வைத்தது. அதன் விலையைத் தலைமுறைகள் கொடுத்தன. சிங்கப்பூர் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கையும் ஆட்சிமொழியாக்கி, யாருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தை நடுவில் வைத்தது. தான்சானியா தொடக்கப் பள்ளியில் சுவாஹிலியும் அதற்கு மேல் ஆங்கிலமும் என்று பிரித்துக்கொண்டது. இப்படி ஒவ்வொரு நாடும் தன் தேவைக்காக எடுத்து, அடித்து, வளைத்து, சொந்தமாக்கிக்கொண்ட மொழி இது. அதற்குத் தரச்சான்று வழங்கும் உரிமை மட்டும் இன்னும் பழைய முகவரியிலேயே இருப்பது ஏன்?

மொழி இருந்தாலே உறவு நிற்கும் என்று நான் சொல்லவில்லை. பிரெஞ்சு உலகத்தைப் பாருங்கள். செனகலின் செங்கோர், துனிசியாவின் பூர்கிபா, நைஜரின் ஹமானி தியோரி, கம்போடியாவின் சிஹானூக் என்று முன்னாள் காலனிகளின் தலைவர்களே முன்னின்று பேச, 1970 மார்ச் 20 அன்று நைஜரின் தலைநகர் நியாமேயில் பிரெஞ்சு மொழி நாடுகளின் அமைப்பு பிறந்தது. 2025 மார்ச்சில் நைஜர், மாலி, புர்கினா பாசோ மூன்றும் அதிலிருந்து வெளியேறுவதாக அறிவித்தன. எந்த ஊரில் கையெழுத்தானதோ அந்த ஊரே வெளியேறியது. பிரான்சோடு பிணைந்த நாணயமும் பிரெஞ்சுப் படைத்தளமும் ஒரு பக்கம் கசந்துகொண்டிருக்க, மொழி மட்டும் தனியாக எவ்வளவு காலம் தாங்கும்?

மறுபக்கம் ஸ்பெயின். தன் பழைய காலனிகளின் குடிமக்கள் இரண்டு ஆண்டுகள் சட்டப்படி வசித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது அதன் சிவில் சட்டம். மற்றவர்களுக்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகள். ஸ்பானிய மொழியை ஏறத்தாழ மறந்துவிட்ட பிலிப்பைன்ஸுக்கும் அதே சலுகை. போர்ச்சுகீசிய மொழி நாடுகள் 2021 ஜூலையில் லுவாண்டாவில் கூடி, தங்களுக்குள் ஆட்கள் வந்துபோவதற்கென்றே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அங்கோலாவும் மொசாம்பிக்கும் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள் வரை போர்ச்சுகலோடு சண்டையிட்டு 1975இல் விடுதலை பெற்றவை. அந்தக் காயத்தோடுதான் கையெழுத்திட்டார்கள். பின்னர் போர்ச்சுகல் தன் பக்கக் கதவைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டது என்றாலும், அவர்கள் பேசத் தொடங்கிவிட்ட பேச்சை நீங்கள் இன்னும் தொடங்கவே இல்லை.

உங்களுக்குள்ளேயே முன்மாதிரிகள் உண்டு. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1973இலிருந்து ஒன்றுக்கொன்று கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. பார்படாஸ், பெலீஸ், டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட் ஆகிய நான்கும் 2025 அக்டோபர் 1 முதல் தங்கள் மக்கள் எங்கும் போய் வாழலாம், வேலை பார்க்கலாம் என்று அறிவித்துவிட்டன. சிறிய நாடுகளால் முடிந்திருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு எல்லைகளை எல்லாம் திறந்துவிடுங்கள் என்று கேட்கும் அளவுக்கு நான் அப்பாவி அல்ல. எந்த நாடும் தன் குடியேற்றத்தைத் தானே தீர்மானிக்கும். நான் கேட்பது மிகச் சிறியது. எந்தெந்த உறுப்பு நாட்டில் எந்தெந்தப் பள்ளி வாரியமும் பல்கலைக்கழகமும் ஆங்கில வழியில் பாடம் நடத்துகின்றன என்று உங்கள் செயலகம் ஒரு பட்டியல் தயாரிக்கட்டும். அந்தச் சான்றிதழ் வைத்திருப்பவரை மற்ற 55 நாடுகளும் மறு தேர்வின்றி ஏற்கட்டும். பட்டியலில் இல்லாதவர் தேர்வு எழுதட்டும். ஆனால் ஒருமுறை தேறியவரின் மதிப்பெண்ணுக்குக் கெடுதேதி போடாதீர்கள். கணவனோடோ மனைவியோடோ சேர வருபவர்கள் புறப்படுவதற்கு முன்பே ஆங்கிலம் பேசிக் காட்ட வேண்டும் என்று 2010 நவம்பரில் பிரிட்டன் கொண்டுவந்த நிபந்தனையை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒரு மொழியைக் கற்றுக்கொள்ள, அது பேசப்படும் ஊரைவிட நல்ல இடம் எது?

மோசடி நடக்கும் என்ற பயம் எழும். 2014இல் பிரிட்டனில் ஓர் ஆங்கிலத் தேர்வில் முறைகேடு வெளிப்பட்டது. பல்லாயிரம் வெளிநாட்டு மாணவர்கள் மொத்தமாகக் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் பிறகு மேல்முறையீட்டில் வென்றார்கள். அந்த மோசடி நடந்ததே தேர்வில்தான். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பை ஆள்மாறாட்டம் செய்வது, ஒரு பிற்பகல் தேர்வை ஆள்மாறாட்டம் செய்வதைவிட எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள்.

லண்டன் ஒப்புக்கொள்ளாது என்ற சாக்கும் வேண்டாம். 1961இல் நிறவெறித் தென்னாப்பிரிக்கா குடியரசாகி உறுப்பினராகத் தொடர விரும்பியபோது, மற்றவர்களின் எதிர்ப்பால்தான் அது தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று வெளியேறியது. 1980களில் அதே நாட்டின் மேல் பொருளாதாரத் தடை வேண்டும் என்று நீங்கள் அனைவரும் ஒரு பக்கம் நிற்க, மார்கரெட் தாட்சர் தனியாக மறுபக்கம் நின்றார். அமைப்பு உடையவில்லை. 1994இல் நெல்சன் மண்டேலாவின் நாடு திரும்பி வந்தது. லண்டனோடு மோதும் தெம்பு உங்களுக்கு இருந்திருக்கிறது.

தெற்கு நாடுகளின் தலைவர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. உங்களில் எத்தனை பேர், இன்னொரு காமன்வெல்த் நாட்டின் பல்கலைக்கழகப் பட்டத்தை ஆக்ஸ்போர்டு பட்டத்தை ஏற்பது போல ஏற்கிறீர்கள்? கம்பாலாவில் படித்தவருக்குக் கோலாலம்பூரிலும், டாக்காவில் படித்தவருக்கு அக்ராவிலும் என்ன மதிப்பு கிடைக்கிறது? லண்டன் போட்ட பட்டியலைக் குறை சொல்லும் முன், நீங்கள் ஒருவருக்கொருவர் பட்டியல் போட்டுக்கொள்ளலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இந்தியா, நைஜீரியா, கானா, கென்யா, சிங்கப்பூர் என்று ஐந்து நாடுகள் சேர்ந்தாலே போதும், தொடங்கிவிடலாம்.

உங்கள் செயலகத்தின் தலைமைப் பொறுப்பில் 2025 ஏப்ரல் முதல் இருப்பவர் கானாவின் ஷெர்லி போச்வே. ஆங்கிலமே அலுவல் மொழியாக உள்ள, ஆனால் அந்த விலக்குப் பட்டியலில் இடமில்லாத நாட்டிலிருந்து வந்தவர். இந்தப் பொருளை அடுத்த மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி அவரையும் இதன் வழியே கேட்டுக்கொள்கிறேன். சேர்த்தால், பரிசீலிக்கப்படும் என்று எழுதி முடித்துவிடாதீர்கள். எந்த நாடு எந்தத் தேதிக்குள் எந்தச் சான்றிதழை ஏற்கும் என்று கூட்டறிக்கையிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
காமன்வெல்த் நாடொன்றின் குடிமகன்